மலை தெரியும் மனை

நான் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயம் என் ஜாதகத்திலேயே கிடையாது. போன வருஷம் பஸ் ஸ்டாண்டு எதிரில் என் ஃபிளெக்ஸைக் கிழித்த புரோக்கர் கோபியை, அவன் பக்கத்தில் இரண்டு தடியன்கள் நிற்கும்போதே, செருப்பைக் கழற்றி அடித்தவள் நான். அவன் திருப்பி அறைந்ததில் என் கீழ்ப்பல் ஒன்று ஆடிப்போய்ப் பிடுங்க வேண்டியதாயிற்று. பிடுங்கிய டாக்டருக்கே ஒரு மனையை விற்றுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு இறங்கினேன். அப்பேர்ப்பட்ட ரேவதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இருபது பேர் பார்க்க, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நின்றாள் என்றால் அதற்குப் பெயர் பயம் இல்லை, ஆசை. அந்த ஆசையில் ஒரு உயிர் போனது.

எங்கள் ஊரில் மனை வாங்க வருகிறவர்கள் தண்ணீர் எப்படி, ரோடு எத்தனை அடி, பட்டா தனியா என்பதையெல்லாம் பிறகுதான் கேட்பார்கள். முதல் கேள்வி, மலை தெரியுமா என்பதுதான். சென்னைக்காரர் தமிழில் கேட்பார். ஆந்திராக்காரர் "கொண்ட கனிபிஸ்துந்தா" என்பார். எனக்குத் தெரிந்த தெலுங்கு மொத்தமும் அதற்கான பதில்தான், "பாக கனிபிஸ்துந்தி", நன்றாகத் தெரியும் என்று. திருவண்ணாமலையில் மலையே சாமி. காலையில் ஜன்னலைத் திறந்தால் சாமி நிற்க வேண்டும். வாங்குகிறவருக்கு அது பக்தி, எனக்கு அது சதுர அடி.

ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் எனக்கு ஒரு சின்ன ஆபீஸ் உண்டு. ஆபீஸில் உட்கார்ந்திருந்தால் ஈதான் வரும். வாங்குகிற ஆளின் நம்பரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதைத்தான் எங்கள் தொழிலில் லீடு எடுப்பது என்கிறோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் மோர்ப் பந்தல் போடுவேன். மோர் இலவசம். பக்கத்தில் ஒரு பெட்டி, பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டால் குலுக்கலில் கிரைண்டர். பதினான்கு கிலோமீட்டரில் பாதியை வெறுங்காலில் நடந்து வந்தவன் ஒரு டம்ளர் மோருக்கு நம்பர் என்ன, ஆதார் கார்டையே கொடுப்பான். ஆனால் பெட்டி நிறைய சீட்டு விழுந்தாலும், போன் செய்தால் திட்டாமல் பேசுகிறவர்கள் பத்து பேர்கூடத் தேற மாட்டார்கள். அதனால் ரீல்ஸுக்கு மாறினேன்.

அப்போது என் கையில் இருந்தது கீழ்பென்னாத்தூரையும் தாண்டி ஒரு லே-அவுட். அறுபத்திரண்டு மனை. ஓனர் சென்னையில் இருந்தார். பத்திரம், அப்ரூவல் எல்லாம் சுத்தம். ஒரே குறை, அங்கிருந்து மலை தெரியாது. மழை ஓய்ந்த மறுநாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும், அதுவும் தெரியும் என்று நம்பினால்தான். ஆறு மாதத்தில் நான்கு மனைதான் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைட் விசிட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு வேன் பிடிப்பேன். வேன் சக்திவேலுடையது. முப்பத்திரண்டு வயது இருக்கும், பான்பராக் கிடையாது, குடி கிடையாது, அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். நான் வண்டியில் உட்கார்ந்து புலம்பியதைக் கேட்டுவிட்டு அவனாகத்தான் சொன்னான், லே-அவுட்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் முன்னாலேயே ரோட்டோரம் எங்கள் நிலம் இருக்கிறது, கிணற்று மேட்டில் நின்றால் மலை முழுசாகத் தெரியும், வேண்டுமானால் அங்கே நின்று வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

அந்த நிலத்தின் கதை எனக்கு முன்பே தெரியும். ஒன்றரை ஏக்கர், கூட்டுப்பட்டா. அண்ணன் ராஜமாணிக்கம், தம்பி சக்திவேல், இரண்டு பேர் பெயரும் ஒரே பட்டாவில். பயிர் வைப்பது அண்ணன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சக்திவேல் வேன் வாங்குவதற்காக என் பங்கை விற்றுக்கொடு என்று கேட்டிருக்கிறான். அண்ணன் கடப்பாரையால் தம்பி வீட்டுக் கதவை உடைத்து, பாத்திரங்களைத் தெருவில் எறிந்து, நிலத்தின் மேல் கை வைத்தால் தலை இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. இந்தப் பொங்கலுக்குத்தான் அண்ணன் தானாகவே ஒரு மூட்டை வேர்க்கடலையைத் தம்பி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் இல்லையா. அதை என்னிடம் சொல்லும்போது சக்திவேல் வண்டி ஓட்டிக்கொண்டே அழுதான்.

அண்ணனும் அண்ணியும் ஒரு காதுகுத்துக்காக வெளியூர் போன நாளில் நாங்கள் அங்கே போனோம். சக்திவேல் சொன்னது சத்தியம். கிணற்று மேட்டில் நின்றால் மலை அடியிலிருந்து உச்சிவரை எதிரில் நின்றது. அவன் குஷியாகிப் போய், நான் கேட்காமலேயே மோட்டாரைப் போட்டுவிட்டான். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, கடலைச்செடி பூத்திருந்தது. எங்கள் நிலம் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று அவன் முகத்தில் ஒரு பெருமை.

நான் வேன் டிக்கியிலிருந்து கல்லை எடுத்தேன். நிஜக் கல் இல்லை. தெர்மோகோலில் செய்து வெள்ளையடித்து, சிவப்பில் நம்பர் போட்ட மனைக்கல். கேமராவுக்கு அதுவும் இதுவும் ஒன்றுதான். மனை விற்கிற வீடியோவில் கல் தெரியாவிட்டால் மக்கள் அதை மனை என்றே நம்ப மாட்டார்கள். பன்னிரண்டு கல்லைக் கடலைச்செடிக்கு நடுவில் வரிசையாக வைத்தேன்.

சக்திவேல் முகம் மாறிவிட்டது. பெருமை போன இடம் தெரியவில்லை. "அக்கா, மலையை எடுத்துக்கோங்க, கிணத்தை எடுத்துக்கோங்க. கல்லு மட்டும் வேணாங்க்கா" என்றான். "எங்க ஊர்ல நிலத்துல கல்லு நட்டாச்சுன்னா வித்தாச்சுன்னு அர்த்தம்."

காற்றடித்தால் பறந்துபோகிற கல்லுக்குப் போய் இப்படிப் பயப்படுகிறாயே என்று நான் சிரித்தேன். வாரா வாரம் வண்டிக்கு ஓட்டம் கொடுக்கிறவள் நான். அவன் வேனுக்குப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டான். போனை ஸ்டாண்டில் வைத்து, மலையைப் பின்னால் விட்டு, ஓனரே நேரடியாகக் கொடுக்கிறார், அண்ணாமலையாரைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம் என்று பேசி முடித்தேன். பிறகு பன்னிரண்டு கல்லையும் எண்ணி எடுத்து டிக்கியில் போட்டேன். செடி ஒன்றுகூட ஒடியவில்லை. தப்பு செய்தது போலவே எனக்குத் தோன்றவில்லை.

நான்கு நாளில் அந்த ரீலை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். போன் சூடு தாங்காமல் ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பேசினேன். வந்த அழைப்புக்கெல்லாம் ஒரே பாட்டு. மலை தெரியுமா? நன்றாகத் தெரியும். நிலம் யாருடையது? இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஓனர் நம்ம பையன்தாங்க, நம்ம வண்டியையே அவர்தான் ஓட்டுகிறார், நீங்கள் சைட் விசிட் வரும்போது நேரிலேயே பேசலாம் என்பேன். கேட்கிறவருக்கு நம்பிக்கை வரும். லே-அவுட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு மலை ஏன் சின்னதாக இருக்கிறது என்று கேட்டால் அன்றைக்கு மேகம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

புதன்கிழமை ஒருவர் போன் செய்தார். கிராமத்துக் குரல், நிதானமாகப் பேசினார். வீடியோவில் காட்டுகிற நிலம் விலைக்கு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கிணறும் சேர்த்தா என்றார். கிணறும் மோட்டார் ரூமும் சேர்த்துத்தான் என்றேன். கொடுப்பது யார் என்றார். என் பாட்டைப் பாடினேன், பெயர் சக்திவேல் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு சரிம்மா என்று வைத்துவிட்டார். கிணற்றைப் பற்றிக் கேட்கிற ஆள் கண்டிப்பாக வாங்குவான் என்று அந்த நம்பருக்கு எதிரில் நட்சத்திரம் போட்டு வைத்தேன்.

மறுநாள் காலை சக்திவேல் ஆபீஸுக்குள் வந்தபோது தோளிலிருந்து இடுப்புவரை சட்டை சிவந்திருந்தது. துண்டை எடுத்தான். இடது காது பாதி பிய்ந்து தொங்கியது. வேன் ஸ்டாண்டில், எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, ராஜமாணிக்கம் வந்து தம்பியின் தலைமுடியைப் பிடித்து வண்டியின் பக்கவாட்டிலேயே மோதியிருக்கிறார். மூன்று தடவை மோதி, கீழே விழுந்தவனை வீல் ஸ்பேனரால் அடித்திருக்கிறார். ஸ்டாண்டு ஆட்கள் ஆறு பேர் சேர்ந்துதான் அவரை இழுக்க முடிந்ததாம். இழுக்கும்போது அவர் ஒருவனின் கையைக் கடித்து வைத்தாராம்.

"நீங்களே போன்ல சொன்னீங்களாமேக்கா" என்றான் சக்திவேல். "சக்திவேல்தான் விக்கிறான், கெணறும் சேத்துதான்னு. அந்தப் பொம்பள குரலை என் காதால கேட்டேன், இன்னும் பொய் சொல்றியானு கேட்டு அடிக்கிறாரு. நான் என்னன்னு சொல்றது?"

அப்போதுதான் அந்த நட்சத்திர நம்பர் யாருடையது என்று எனக்குப் புரிந்தது. அவனை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காதுக்குத் தையல் போட்டுக் கூட்டிவந்தேன். ஏழு தையல். ஊசி குத்தும்போதுகூட அவன் முனகவில்லை, இப்போதே வாருங்கள், வந்து அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த வீடியோவையும் தூக்கிவிடுங்கள் என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

போயிருக்கலாம். அரை மணி நேர ஓட்டம்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இருபது பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஹைதராபாத்திலிருந்து இரண்டு குடும்பம், மற்றவர்கள் சென்னை. மூன்று பேர் டோக்கன் அட்வான்ஸ் போடத் தயாராகவே வருகிறார்கள். ரீலைத் தூக்கினால் அத்தனையும் போகும். ஞாயிறு சைட் விசிட் முடிந்து திரும்பும்போது நானே உங்கள் ஊரில் இறங்குகிறேன், உன் அண்ணன் காலில் விழுந்து உண்மையைச் சொல்கிறேன், அன்று சாயங்காலமே வீடியோவையும் எடுத்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். மலை இருந்த திசையைப் பார்த்துச் செய்தேன். அவன் நம்பினான். அவனுக்கு வேறு வழியும் இல்லை, அவன் அண்ணன் கேட்ட குரல் என் குரல்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அண்ணி ஜோதியம்மாள் சக்திவேலுக்குப் போன் செய்துகொண்டே இருந்திருக்கிறாள். அண்ணன் வீட்டுக்கு வருவதில்லை. மோட்டார் ரூமிலேயே சாப்பாடு, தூக்கம். கல்லை எங்கே புதைத்துவிட்டார்கள் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாகக் கொத்திப் பார்க்கிறார். இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று அவள் சொன்னதை அவன் என்னிடம் சொன்னான். நான்தான் வருகிறேனே என்றேன்.

ஞாயிறு காலை இருபது பேருக்கும் இட்லி, பொங்கல் வாங்கிக் கொடுத்து வண்டியில் ஏற்றினேன். சக்திவேல் காதுக் கட்டை மறைக்கத் தலையில் துண்டு கட்டியிருந்தான். நான் முன்னால் நின்றுகொண்டு மைக்கில் மலையின் மகிமையைப் பேசிக்கொண்டு வந்தேன். அந்த ஊர் வந்ததும் அவன் வேகத்தைக் கூட்டினான். அந்த நேரம் பார்த்து மூன்றாவது சீட்டிலிருந்த ஹைதராபாத் அம்மா தன் போனையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். போனில் என் ரீல் ஓடிக்கொண்டிருந்தது. கிணறும், நீலக்கதவு போட்ட மோட்டார் ரூமும் வெளியே அப்படியே இருந்தன. இதுதான் அந்த இடம், நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். வண்டி முழுக்க எழுந்து நின்று ஜன்னல் பக்கம் சாய்ந்தது. சென்னைக்காரர் ஒருவர் பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், இங்கே நிறுத்தாவிட்டால் எங்களை ஏமாற்றுவதாகத்தான் அர்த்தம் என்று அழுத்தமாகச் சொன்னார்.

சக்திவேல் கண்ணாடியில் என்னைப் பார்த்தான், நிறுத்தவில்லை. நான்தான் குனிந்து அவன் காதருகில் சொன்னேன், இரண்டு நிமிஷம் நிறுத்துடா, போட்டோ எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள் என்று. தையல் போட்ட காதில் சொன்னேன். அவன் பிரேக்கை மிதித்தான்.

இருபது பேரும் இறங்கி நேராகக் கடலைக்குள் போனார்கள். வரப்பு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. செடி விழுது இறங்குகிற பருவம், மிதித்தால் போச்சு. அவர்கள் செல்ஃபி எடுத்தார்கள், மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பேங்க்காரர் மண் எப்படி என்று பார்க்க இரண்டு செடியை வேரோடு பிடுங்கினார். அக்னி மூலையில் பூஜை ரூம் வைக்கலாமா என்று அவர் மனைவி என்னைக் கேட்டார். போகலாம் சார், வாங்க மேடம், நேரமாகிறது என்று நான் கூவிக்கொண்டிருக்கும்போதே நீலக்கதவு திறந்தது.

ராஜமாணிக்கத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியான ஆள், அரைக்கை பனியன், நான்கு நாள் தாடி, கையில் மண்வெட்டி. கத்தவில்லை, ஓடவும் இல்லை, நடந்தே வந்தார். செடியைப் பிடுங்கிய பேங்க்காரரின் மார்பில் கால் வைத்து உதைத்தார். அவர் வாய்க்காலில் மல்லாந்து விழுந்து மூக்கில் ரத்தம் ஒழுக எழுந்திருக்கப் பார்த்தார், மறுபடி உதைத்தார். படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவனின் கையிலிருந்து போனைத் தட்டி, மண்வெட்டியின் பின்புறத்தால் அதை நசுக்கினார். குறுக்கே வந்த வேறொருவனுக்கு முழங்கையில் அடி விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பெண்கள் வரப்பில் தடுக்கி விழுந்து ஓடினார்கள். ஓடிப்போய் ரோட்டோரம் பத்திரமாக நின்றதும் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

சக்திவேல் வேனிலிருந்து குதித்து ஓடிவந்தான். அண்ணனுக்கும் கீழே கிடந்தவருக்கும் நடுவில் வந்து நின்று கும்பிட்டான்.

"அண்ணே, நான் விக்கலண்ணே. நம்ம அப்பா மேல சத்தியமா விக்கலண்ணே. தோ, அக்காவையே கேளுண்ணே."

ராஜமாணிக்கம் மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்கினார். ஓங்கியவர் அப்படியே நின்றார். தம்பி முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்திவேலும் என்னைத்தான் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சை நான்கைந்து தடவை இழுத்து விடுகிற நேரம் இருக்கும்.

ஒரு வார்த்தை போதும். அவன் விற்கவில்லை, இந்த நிலம் விலைக்கே இல்லை, வீடியோ பொய் என்று நான் சொல்லியிருந்தால் போதும். அதைத் தமிழில் சொன்னால் சென்னைக்காரர்கள் கேட்பார்கள், அவர்கள் சொல்லி ஹைதராபாத்காரர்களுக்கும் தெரியும். மூன்று டோக்கன் போகும், இரண்டு லட்சம் பேர் பார்த்த ரீல் போகும், ரேவதி ஏமாற்றுக்காரி என்று ஊரெல்லாம் பரவும். அண்ணன் தம்பி சண்டைதானே, மிரட்டுகிறார், அடிக்கவா போகிறார், இவர்களை முதலில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று என் மூளை அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது.

"அண்ணே, கஸ்டமருங்க எதிர்ல வேணாம்" என்றேன். "உங்க குடும்ப விஷயத்தை வீட்ல வச்சுப் பேசிக்கோங்க."

மண்வெட்டி இறங்கியது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், விறகைப் பிளக்கிற மாதிரி இறங்கியது. சக்திவேல் மடிந்து உட்கார்ந்தான். ரத்தம் பீறிட்டு என் புடவைவரை அடித்தது, கடலை இலையெல்லாம் நனைந்தது. ராஜமாணிக்கம் மண்வெட்டியை விட்டுவிட்டு, பிளந்த இடத்தை இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தம்பியின் தலையை மடியில் போட்டுக்கொண்டார். விரலிடுக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் அப்போது கத்தினேன். அவன் விற்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்க அங்கே யாரும் இல்லை. கஸ்டமர்கள் ரோட்டில் வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் காதில் அது விழுந்ததா என்பதும் தெரியவில்லை. 108 வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. திருவண்ணாமலைக்குள் நுழைவதற்கு முன்பே சக்திவேல் போய்விட்டான்.

பிணவறை வாசலில் ஜோதியம்மாள் என்னை அடித்தாள். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள், கீழே தள்ளி முகத்தில் மாறி மாறி அறைந்தாள். கோபியைச் செருப்பால் அடித்த கை இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அவள் களைத்துப்போய் உட்கார்ந்த பிறகு போலீஸ் வந்து விலக்கியது. ஸ்டேஷனில் என்னிடம் எழுதி வாங்கினார்கள். பழைய பாகத் தகராறு, முன்பே கதவை உடைத்திருக்கிறான், மூன்று நாளைக்கு முன் காதைக் கிழித்திருக்கிறான், அண்ணன் ஒத்துக்கொண்டான், கேஸ் சுலபம் என்றார் எழுதியவர். வீடியோவைப் பற்றிக் கேட்டார்கள், விளம்பரம் என்றேன். கல்லைப் பற்றியும் போனில் நான் சொன்னதைப் பற்றியும் அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வயலில் கத்தியதை ஸ்டேஷனில் முழுங்கிவிட்டேன். அதற்கும் பயம் என்று பெயர் வைக்காதீர்கள்.

அந்த வெட்டை யாரோ போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஐந்து நாளில் என் ரீலைவிடப் பத்து மடங்கு பேர் பார்த்தார்கள். வேனின் மேல் என் பெயரும் நம்பரும் எழுதிய பேனர் அதில் பளிச்சென்று தெரிந்தது. போன் மறுபடி சூடானது. ஒருவர் கேட்டார், கொலை நடந்த இடம் என்றால் விலை கம்மியாக வருமா என்று. திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சைட் விசிட்டுக்கு எப்போது வருகிறீர்கள் சார் என்று என் வாய் கேட்டது. கேட்டுவிட்டு, ஆபீஸ் பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன். அன்றைக்குத்தான் ரீலையும் அதோடு போட்டிருந்த என் நம்பரையும் நீக்கினேன். இறந்தவன் கேட்டதை எட்டு நாள் கழித்துச் செய்தேன்.

இன்னொன்று பாக்கி இருந்தது. அவன் அண்ணனிடம் ஒரு வார்த்தை. ராஜமாணிக்கத்தைக் கோர்ட்டுக்குக் கூட்டிவருகிற தேதியை விசாரித்துக்கொண்டு போனேன். வாசலில் ஜோதியம்மாள் நின்றிருந்தாள். இந்தத் தடவை அடிக்கவில்லை. நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வெள்ளி, சனியிலேயே சக்திவேல் போனில் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தான். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே, தம்பி துரோகம் செய்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பதால்தான் சோறாவது தின்கிறார், விற்கவில்லை என்று தெரிந்தால் உள்ளேயே தூக்கு மாட்டிக்கொள்வார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னது நியாயம். ஆனால் சத்தியம் செய்ததை நான் எத்தனை தடவை தள்ளிப்போட்டிருக்கிறேன். இதையும் தள்ளிப்போட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. கையை உதறிவிட்டுப் போனேன்.

வராந்தாவில் ஒரு போலீஸ்காரர் ராஜமாணிக்கத்தின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ராஜமாணிக்கம் முழுசாக ஷேவ் செய்து, சுத்தமான வேட்டி கட்டி, யாருடைய கல்யாணத்துக்கோ வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். அழாமல் சொன்னேன். கல் தெர்மோகோல், நிலத்தை யாரும் விற்கவில்லை, உங்கள் தம்பி கல் வேண்டாம் என்று சொன்னான், போனில் நான் சொன்னது பொய், நீங்கள் அவனை வெட்டியது என் பொய்யை நம்பித்தான். எல்லாம் சொன்னேன். அடிக்கட்டும், துப்பட்டும், எழுந்து கழுத்தை நெரிக்கட்டும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. என்னமோ நான் பழைய செய்தியைச் சொன்னது போலக் கேட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "அவன் எதிர்ல வந்து நின்னான் பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. என் தம்பி பொய் சொன்னா என் கண்ணப் பார்க்க மாட்டான், சின்னப் பையனா இருந்தப்பலேர்ந்து அப்படித்தான். அன்னிக்கு நேரா பார்த்தான். ஆனா ஓங்கிட்டேன். அத்தினி பேரு போனத் தூக்கிப் புடிச்சினு நிக்கிறாங்க, சும்மா எறக்க முடியல. போலாம் சார் வாங்க மேடம்னு கூவினியே, அப்பவே இதான் போன்ல பேசின குரல்னு புரிஞ்சுது. சரி, இந்தப் பொம்பள இல்லைனு ஒரு வார்த்தை சொல்லும், அத சாக்கா வச்சு எறக்கிடலாம்னு உன் மூஞ்சியவே பார்த்துனு இருந்தேன்."

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். போலீஸ்காரர் எழுந்தார், அவரும் எழுந்தார்.

"நீயும் வாயத் தொறந்த" என்றார். "வீட்ல வச்சுப் பேசிக்கோங்கன்னு சொன்ன."

வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் கோர்ட்டுக்குள் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.